வடமுனை வேந்தர் காஸ் அடித்த கதை

வாமதேவன்: “…ஆகவே, பாரெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருங்குடி மக்களே! மானிட குல வரலாற்றிலே பொன்னெழுத்துகளாற் பொறிக்கப்படவேண்டிய ஓர் அறிவித்தலை, இந்த லா சப்பல் மண்ணில் நின்று, கனத்த பொறுப்புணர்வோடு உங்கள் முன் வைக்கிறேன். பாரிசிலிருந்து புறப்பட்டு, பல நாட்டு எல்லைகளைக் கடந்து, கட்டிலும் அடுப்பும் கொண்ட ஒரு கம்பிங்காரிலே ஐரோப்பாவின் வடமுனையைத் தொட்டுத் திரும்பிய முதலாவது புடவைக்கடை உரிமையாளன் என்ற வகையிலே…”

லூர்துசாமி: ஒரு நிமிஷம், முசே வாமதேவன். அதென்ன புடவைக்கடை உரிமையாளன்? முதல் தமிழன்னே போட்டுடலாமே.

வாமதேவன்: போடலாம் அண்ணை. ஆனா இஞ்சை பாரிஸ் ஸ்டாலின்கிராட் மெட்றோவடியிலை பலசரக்குக்கடை வைச்சிருக்கிற சேந்தன் போன வருசமே போயிட்டு வந்தவனாம். சர்ச்சை வேண்டாம். புடவைக்கடை எண்டால் நான்தான்.

ஜெகதீஸ்வரி: அவன் பாவம், போயிட்டு வந்து வாயே திறக்கேல்லை.

வாமதேவன்: அதுதான் பிழை. வரலாறு எண்டது வாய் திறக்கிறவனுக்குத்தான். நீர் அந்தப் பொன்னாடையை மினுக்கும்.

ஜெகதீஸ்வரி: மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறன். எங்கடை கடையிலை எடுத்த பொன்னாடையை எங்கடை அயன்பெட்டியாலை மினுக்கி, நாளைக்கு விழாவிலை ஆரோ உங்களுக்குப் போத்தினமாம்.

வாமதேவன்: ஆரோ இல்லை. லூர்து அண்ணை போத்துறார். பாண்டிச்சேரி ஆள், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பாத்து இளைப்பாறினவர். அவற்றை கையாலை போத்தினா ஒரு சர்வதேசத் தன்மை வரும்.

லூர்துசாமி: நான் தபாலாபீஸ்ல முத்திரை குத்தினவன், முசே.

வாமதேவன்: வெளிநாட்டுக் கடிதத்துக்கும் குத்தினனீங்கள்தானே?

லூர்துசாமி: குத்தினேன்…

வாமதேவன்: பிறகென்ன.

லூர்துசாமி: சரி. ‘வடமுனை வேந்தர்’னு பட்டம் யாரு தர்றது?

வாமதேவன்: எங்கடை பேரவை.

லூர்துசாமி: பேரவைக்குத் தலைவர்…?

வாமதேவன்: நான்தான். அதுக்காகத்தான் நான் எனக்கே குடுக்காமல் செயலாளரைக் கொண்டு குடுப்பிக்கிறன். முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ.

ஜெகதீஸ்வரி: இஞ்சருங்கோ… நாளைக்கு அண்ணையையும் வரச்சொல்லட்டே?

வாமதேவன்: எந்த அண்ணை?

ஜெகதீஸ்வரி: எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை.

வாமதேவன்: அந்தப் பேரை இந்தக் கடைக்குள்ளை சொல்லவேண்டாம் எண்டு சொன்னனானெல்லோ? லூர்து அண்ணை இருக்கேக்கை என்ன கதை இது… நீங்கள் கேளுங்கோ அண்ணை. நாளைக்குச் சபையிலை எழும்பிக் கேக்கிற கேள்வியை இப்பவே கேட்டுப் பழகுவம்.

லூர்துசாமி: எதை வேணும்னாலும் கேக்கலாமா?

வாமதேவன்: கஷ்டமான கேள்வியாய்க் கேளுங்கோ. அப்பத்தான் பதிலுக்கு ஒரு கம்பீரம் வரும்.

லூர்துசாமி: அப்போ காஸ் பத்திக் கேக்கறேன். எனக்கும் அதுதான் தெரிஞ்சாகணும்.

வாமதேவன்: ஆகா! அதுக்கு இரண்டாம் பக்கத்திலை ஒரு பந்தியே இருக்கு. கேளுங்கோ. “ஐரோப்பியர் ஒரே நாணயம் கண்டார்கள். எல்லைக் கதவுகளைக் கழற்றி எறிந்தார்கள். ஆயினும் அந்தோ! எரிவாயுக் குழாயின் வாய் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சிலே கிண்ணம் போன்ற வாய். ஜெர்மனியிலே மரை பூட்டும் வாய். ஒல்லாந்திலே கொக்கி மாட்டும் வாய். வாய்கள் ஒன்றுபடாத கண்டத்திலே மனங்கள் ஒன்றுபடுமா?”

ஜெகதீஸ்வரி: அந்த இடத்திலை தண்ணி குடிக்கப்போறாராம்.

வாமதேவன்: ஓம், கைதட்டுறதுக்கு நேரம் விடவேணும்.

லூர்துசாமி: கைதட்டட்டும். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் அந்த காஸ்லதான் ஓடுது. வழியில தீந்து போச்சு. எப்படி நிரப்பறது?

வாமதேவன்: சின்ன விசயம் அண்ணை. காஸுக்கு ஜேபேஎல் எண்டு பலகை போட்டிருக்கிற பெற்றோல் செட்டாய்ப் பாத்து நிப்பாட்டவேணும். வண்டியின்ரை பக்கத்திலை மூடி போட்ட ஒரு துவாரம். அந்த நாட்டுக் குழாய்க்குத் தக்க அடப்டரை மரையிலை சுத்திப் பூட்டுறது. பம்புக் குழாயைக் கொழுவுறது. பொத்தானை அமத்திப் பிடிக்கிறது. தாங்கி எண்பது வீதம் நிரம்பினதும் தானாய் நிண்டிடும். குழந்தைப்பிள்ளையும் செய்யும்.

லூர்துசாமி: போன எல்லா நாட்டுலயும் நீங்களே பூட்டினீங்களா?

வாமதேவன்: வேறை ஆர்?

லூர்துசாமி: உள்ள போச்சா?

வாமதேவன்: வழுக்கிக்கொண்டு போச்சுது!

லூர்துசாமி: அப்போ எனக்கு மட்டும் ஏன் முசே போகல?

வாமதேவன்: எங்கை போகேல்லை?

லூர்துசாமி: அந்தத் துவாரத்துக்குள்ள. இன்னைக்குக் காலையில வண்டி நிக்கற வில்லியே லே பெல்லுக்குப் போயி உங்க வண்டியை எடுத்தேன். போர்த் து லா சப்பல் தாண்டி ஒரு பெட்ரோல் ஸ்தாசியோன்ல விட்டு, பிரெஞ்சு அடப்டரைத் திருகறேன், திருகறேன்… அரைச் சுத்து கூடப் போகமாட்டேங்குது. பின்னாடி லாரிக்காரன் ஒருத்தன் என் பரம்பரையையே திட்டறான். என் பொஞ்சாதி ஜெனவியேவ் வண்டிக்குள்ள உக்காந்து ஜெபமாலை உருட்டறா.

வாமதேவன்: நில்லுங்கோ… நீங்கள் என்ரை வண்டியை… ஆர் உங்களுக்குத் திறப்புத் தந்தது?

லூர்துசாமி: திறப்பா? சாவியா… ஜெகாம்மாதான் குடுத்தாங்க.

வாமதேவன்: ஜெகா!

ஜெகதீஸ்வரி: கேட்டவர், குடுத்தனான். ஜெனவியேவ் அக்காவைக் கூட்டிக்கொண்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகப்போறாராம். நீங்கள்தானே கடை நிறையச் சனம் நிக்கேக்கை “லூர்து அண்ணை, என்ரை வண்டி உங்கடை வண்டி” எண்டனீங்கள்.

வாமதேவன்: அது… அது பேச்சு!

லூர்துசாமி: இருங்க, இன்னும் இருக்கு. மத்த நாடுகளுக்குன்னு நான் வாங்கிக் குடுத்த அடப்டருங்க. ஜெர்மன்காரனோடது மட்டும்தான் பிரிச்சிருக்கு. மிச்சமெல்லாம் கடையில வாங்கின பிளாஸ்டிக்கோட கன்னி கழியாம இருக்கு.

வாமதேவன்: பாவிச்சுப்போட்டு… திருப்பிச் சுத்தி வைச்சனான். ஒழுங்கு அண்ணை, ஒழுங்கு.

லூர்துசாமி: ஓரத்துல சூடு வச்சு ஒட்டியா?

வாமதேவன்: அடுத்த கேள்விக்குப் போங்கோ அண்ணை.

லூர்துசாமி: முசே, இன்னொண்ணும் கேட்டுடறேன், மனசுல வச்சுக்கக்கூடாது. வாட்ஸப்ல துருவ மான்னு ஒரு படம் போட்டீங்களே. அந்த மானுக்குப் பின்னாடி ஐஸ்கிரீம் விலைப் பலகை ஒண்ணு நிக்குது. ஜெர்மன்ல.

வாமதேவன்: அங்கை… ஜெர்மன்காரர் நிறைய வாறவை…

லூர்துசாமி: கம்பி வேலியும் இருக்கு.

ஜெகதீஸ்வரி: அது மிருகக்காட்சிச்சாலை, லூர்து அண்ணை.

வாமதேவன்: ஜெகா, அந்தக் கதவைச் சாத்தும்! கீழை கடையிலை சனம் நிக்குது!

ஜெகதீஸ்வரி: அந்தப் பனியிலை கால் வைச்ச படம் இருக்கெல்லோ? அது என்ரை அண்ணையின்ரை ஃப்ரீசர் கழுவினதிலை வந்த ஐஸ். வீட்டு முத்தத்திலை கொட்டிப்போட்டுச் சப்பாத்தை மட்டும் வைச்சு எடுத்தவர்.

லூர்துசாமி: மரியே! அப்போ வடமுனை?

வாமதேவன்: வடதிசை நோக்கித்தான் போனனாங்கள். அதிலை பொய் இல்லை.

லூர்துசாமி: எதுவரைக்கும்?

வாமதேவன்: …ஆஹன்.

லூர்துசாமி: ஆஹனா? பெல்ஜியம் தாண்டினா ஜெர்மன் எல்லையில முதல்ல வர்ற ஊரு! காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற ஊரு!

வாமதேவன்: கத்தாதேங்கோ அண்ணை!

லூர்துசாமி: மிச்ச நாடெல்லாம்?

வாமதேவன்: மிச்ச நாடுகளை… ஆய்வு செய்தனான்.

லூர்துசாமி: எங்க உக்காந்து ஆய்வு செஞ்சீங்க? வண்டி கிளம்பும்போது பேனர் கட்டி, ஐயர் வந்து தேங்கா உடைச்சு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவே நின்னு கையசைச்சுது. நானும் அசைச்சேன், கை வலிக்க. ஒரு மாசத்துக்கு மேல ஆளையே காணோம். அத்தனை நாளும் எங்க இருந்தீங்க?

ஜெகதீஸ்வரி: சொல்லுங்கோவன்.

வாமதேவன்: நீர் சும்மா இரும்.

ஜெகதீஸ்வரி: கரிகாலன் அண்ணை வீட்டிலை.

லூர்துசாமி: யாரு? அந்த… அந்தக் கரிகாலனா? நீங்க கேக்கவே கூடாதுன்னு சொன்ன பேரு?

ஜெகதீஸ்வரி: ஓம். அண்ணை ஆஹனிலைதான் இருக்கிறார்.

லூர்துசாமி: எனக்குத் தலையே சுத்துது. அந்தாளு வீட்டு வாசல்ல கால் வச்சா என்னைச் செருப்பால அடிங்கன்னு இதே கடையில சத்தியம் பண்ணீங்களே, முசே!

வாமதேவன்: செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் அண்ணை உள்ளுக்குப் போனனான்.

லூர்துசாமி: அப்படி என்னதான் சண்டை உங்களுக்குள்ள? தெருவுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சொத்துங்கறாங்க, ஜாதகம்ங்கறாங்க…

வாமதேவன்: அதெல்லாத்திலையும் பெரிசு. அவன்ரை மகள் றொஷானியின்ரை கலியாணக் கார்ட். உறவினர் பேர் போடுற இடத்திலை எப்பிடிப் போட்டவன் தெரியுமே? “திரு. வாமதேவன்”. அதுக்குப் பக்கத்திலை, அடைப்புக்குறிக்குள்ளை, “ஜெகதீஸ்வரியின் கணவர்”!

லூர்துசாமி: …நீங்க ஜெகதீஸ்வரியோட கணவர்தானே?

வாமதேவன்: அண்ணை! பேரவைத் தலைவர் நான்! ‘தலைவர்’ எண்டு ஒரு சொல்லுப் போட மை முடிஞ்சு போச்சுதாமே? என்னைக் கொண்டுபோய் அடைப்புக்குறிக்குள்ளை போட்டவன்! பந்தியிலை இருந்து எழும்பி வந்தனான். சோறு போட்டாச்சு, குழம்பு விடேல்லை. எழும்பினனான்.

ஜெகதீஸ்வரி: அதுக்குப் பிறகு என்னையும் விடேல்லை. போன மாரிக்கு அண்ணைக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சவங்கள், லூர்து அண்ணை. தப்புறது சந்தேகம் எண்டவை. ஒருக்காப் பாத்திட்டு ஓடிவாறன் எண்டு இவற்றை காலைப் பிடிச்சுக் கேட்டனான். என்ன சொன்னவர் தெரியுமே? “முதல் அடைப்புக்குறியை எடுக்கச் சொல்லும்.”

லூர்துசாமி: முசே… நெஜமாவா?

வாமதேவன்: கொள்கை எண்டு ஒண்டு இருக்கு அண்ணை.

லூர்துசாமி: நெஞ்சைப் பிளந்திருக்காங்க!

வாமதேவன்: அதுதான் பேந்து போனனானே! ஒரு மாசம் இருந்தனானே!

லூர்துசாமி: எப்படிப் போனீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

வாமதேவன்: காஸ் அண்ணை. பெல்ஜியத்திலை பேனரோடை நிண்டு படங்கள் எடுத்து முடிய நாலைஞ்சு நாள் போயிட்டுது. வண்டியை விக்கேக்கை பிரெஞ்சுக்காரன் காஸ் நிரப்பித்தான் தந்தவன், ஆனா எப்பிடி அவ்வளவு கெதியாய் முடிஞ்சுதோ தெரியேல்லை. சரி, ஜெர்மனியிலை மலிவு, ஆஹனிலை அடிப்பம் எண்டு போனம். மழை. குளிர். அடப்டரைப் பூட்டினா… போகாது. அந்த ஜெர்மன் பொடியன் வந்து பாத்தான், அவனுக்கும் போகேல்லை. நான் என்ரை விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினனான்.

லூர்துசாமி: காஸ் பம்புல எதுக்கு விசிட்டிங் கார்டு?

வாமதேவன்: ஆர் எண்டு தெரிஞ்சா ஒரு மரியாதை வருமெல்லோ. அவன் அதாலை பல்லுக் குத்தினான்.

ஜெகதீஸ்வரி: அண்டைக்கு முழுக்க ஹீட்டர் இல்லை, அடுப்பு இல்லை. மூண்டு சால்வை சுத்திக்கொண்டு இருந்து தும்மினார். “ஒரு வாய் தேத்தண்ணி, ஜெகா… ஒரு வாய் தேத்தண்ணி…”

வாமதேவன்: அப்பவும் நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான்! இவதான் “பக்கத்திலை அண்ணை வீடு, வாசல்லை நிண்டு குடிச்சிட்டு வருவம்” எண்டவ. நான் காறுக்குள்ளை இருந்து கதவைக்கூடத் திறக்கேல்லை. அவன்தான் இறங்கி வந்தவன். நெஞ்சைக் கையாலை பிடிச்சுக்கொண்டு, குடையும் இல்லாமல். வந்து, கண்ணாடியிலை தட்டி… என்ன சொன்னவன் தெரியுமே, அண்ணை?

லூர்துசாமி: என்ன சொன்னாரு?

வாமதேவன்: “உள்ளுக்கு வாங்கோ, தலைவர்.” தலைவர்! எத்தினை வருசமாய்ச் சொல்லாதவன். எனக்கு அந்த இடத்திலை… விடுங்கோ. மனிசன் தானே.

ஜெகதீஸ்வரி: உள்ளுக்குப் போனவர், ஒரு மாசம் வெளியிலை வரேல்லை. அண்ணிக்குப் புட்டவிச்சே கை வீங்கிப் போச்சு.

லூர்துசாமி: அப்போ சமாதானம் ஆயாச்சு! இதை வெளியில சொல்றதுக்கென்ன?

வாமதேவன்: எப்பிடிச் சொல்லுறது? கரிகாலன் மேடைக்கு வந்தா, வடமுனை என்ன ஆகும்? மண்டபம் பிடிச்சாச்சு. பட்டம் அடிச்சாச்சு. இஞ்சை நாங்கள் இன்னும் கோவம்தான், எல்லை தாண்டினா மட்டும் உறவு எண்டு ஒரு ஏற்பாடு.

ஜெகதீஸ்வரி: எனக்கு அந்த ஏற்பாடு வேண்டாம். டொக்டர் பயணம் செய்யலாம் எண்டு விட்டிட்டார். அண்ணை நாளைக்குக் கார் து நோர் ரயில் ஸ்ரேசனிலை வந்து இறங்கி, என்ரை கடைக்கு, முன் கதவாலை, எல்லாரும் பாக்க வரவேணும். இல்லையெண்டால் நாளைக்குச் சபையிலை இரண்டாவது கேள்வியை நான் எழும்பிக் கேப்பன்.

வாமதேவன்: ஜெகா… நீர் என்ன மிரட்டுறீரோ?

லூர்துசாமி: சண்டை அப்புறம். நான் லூர்துக்குப் போகணும், அந்தத் துவாரம் ஏன் அடைச்சிருக்குன்னு சொல்லுங்க. பல்குச்சி விட்டு நோண்டிப் பாத்தேன். மஞ்சளா, காஞ்சுபோன மண்ணு மாதிரி உதிருது. மோந்து பாத்தா… சந்தன வாசனை.

வாமதேவன்: சந்தனமோ?

லூர்துசாமி: சத்தியமா. மரை பூரா அப்பிக் கெடக்கு.

வாமதேவன்: ஐயர்! அந்த விசர் ஐயர்! புதுவண்டிப் பூசையிலை கண்ட கண்ட இடமெல்லாம் பொட்டு வைச்சவன்! ஒரு நாட்டு அடப்டரிலையும் பிழையில்லை! ஜெர்மன்காரனிலையும் பிழையில்லை! என்ரை வடமுனையை ஒரு பொட்டாலை அழிச்சவன் ஐயர்! நாளைக்குச் சபையிலை வைச்சு அவனை…

ஜெகதீஸ்வரி: ஐயர் முன்கண்ணாடிக்குத்தான் வைச்சவர்.

வாமதேவன்: அப்ப ஆர் அந்தத் துவாரத்துக்கு…

ஜெகதீஸ்வரி: நான்தான்.

வாமதேவன்: …பொட்டு வைச்சனீரோ?

ஜெகதீஸ்வரி: பொட்டில்லை. அப்பினனான். சந்தனத்தைக் கட்டியாய்க் குழைச்சு, ரெண்டு விரலாலை, மரை தெரியாமல். எல்லாரும் தேங்காயைப் பாத்துக்கொண்டு நிண்டினம்.

லூர்துசாமி: ஐயையோ, ஜெகாம்மா! காஸ் போற வழியிலயா?

வாமதேவன்: வெடிச்சிருந்தா? நான் செத்திருந்தா?

ஜெகதீஸ்வரி: உள்ளுக்குக் காஸை மறிக்கிற வால்வு ஒண்டு இருக்கு, அதிலை நான் தொடேல்லை. வண்டி வித்தவன் எல்லாம் எனக்குத்தான் காட்டித் தந்தவன். நீங்கள் அப்ப பொனற்றிலை சாஞ்சு படம் எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்.

வாமதேவன்: அப்ப… அப்ப அந்தக் காஸ் கெதியாய் முடிஞ்சது?

ஜெகதீஸ்வரி: நீங்கள் நித்திரையான பிறகு யன்னலைத் திறந்துவிட்டு ஹீட்டரைக் கூட்டிவிட்டனான். பகலிலை வடை சுட்டனான்.

வாமதேவன்: அந்தப் பருத்தித்துறை வடையோ? வழிச்சாப்பாடு எண்டு… வாளி வாளியாய்… நான் பாசம் எண்டெல்லோ நினைச்சனான்!

ஜெகதீஸ்வரி: பாசம்தான். அண்ணையிலை.

லூர்துசாமி: என் மாதாவே. முப்பது வருஷம் தபாலாபீஸ்ல எவ்வளவோ களவு பாத்திருக்கேன்…

வாமதேவன்: கதிரையைத் தாங்கோ அண்ணை, இருக்கிறன். எல்லாம் பொய். காஸ் பொய். வடை பொய். என்ரை வீட்டுக்காரியே… நில்லுங்கோ. நில்லுங்கோ! ஒண்டு பொய்யில்லை!

லூர்துசாமி: எது?

வாமதேவன்: கரிகாலன்! வழியை இவ அடைச்சிருக்கலாம். ஆனா அவன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மழைக்குள்ளை வந்து, தானாய், தன்ரை வாயாலை “தலைவர்” எண்டவன். அது அவன்ரை மனசாலை வந்தது. அந்த மனமாற்றம் இருக்கே… அண்ணை, பேனை தாங்கோ! “மக்களே! வடமுனை என்பது வெளியிலே இல்லை. மனிதன் சென்றடையவேண்டிய வடமுனை, மைத்துனன் வீட்டு வாசல். நான் அதைத் தொட்டேன். தொட்டபோது அது உருகியது!” எப்பிடி?

லூர்துசாமி: பயணம் ஆஹனோட முடிஞ்சுதுன்னு ஒத்துக்கறீங்களா?

வாமதேவன்: முடியேல்லை அண்ணை. தேவைப்படேல்லை. பொன்னாடையை நானே அவனுக்குப் போத்துவன். அவன் மைக்கிலை ஒருக்கால், ஒரே ஒருக்கால், அந்தச் சொல்லைச் சொல்லட்டும். கீழை போய் நானே போன் எடுத்துக் கூப்பிடுறன். இஞ்சை சிக்னல் இல்லை.

ஜெகதீஸ்வரி: முன் கதவாலை எண்டு சொல்லுங்கோ.

வாமதேவன்: முன் கதவாலை, மேளத்தோடை!

லூர்துசாமி: …போயிட்டாரு. ஜெகாம்மா, நான் இன்னும் பதறிக்கிட்டுதான் இருக்கேன். அந்தச் சந்தனத்தை எப்படி எடுக்கறது?

ஜெகதீஸ்வரி: ஊசியாலை சுரண்டி நான் எடுத்துத் தாறன். அக்காவைக் கெதியாய் வெளிக்கிடச் சொல்லுங்கோ.

வாமதேவன்: ஜெகா! மேலை கேக்குதே? எடுத்தவுடனை என்ன சொன்னவன் தெரியுமே? நான் வாய் திறக்க முதல், “வணக்கம் தலைவர்” எண்டான்! கடையிலை நிக்கிற எல்லாருக்கும் கேட்டது! நாளைக்கு வாறானாம்!

லூர்துசாமி: என்னவோ போங்க… உங்க அண்ணனுக்கு ரொம்பப் பெரிய மனசு. இவ்வளவுக்கு அப்புறமும் போனை எடுத்த உடனே தலைவர்னு சொல்றாரே.

ஜெகதீஸ்வரி: அண்டைக்கு மழைக்குள்ளை சொன்னது, நான் முதல்நாளே போன் எடுத்துச் சொல்லிக் குடுத்தது. ஒவ்வொருக்காவும் ஞாபகம் இராது எண்டு அண்ணையின்ரை போனிலை இவற்றை நம்பரைத் ‘தலைவர்’ எண்டு பதிஞ்சு விட்டனான். அடிக்கேக்கை பேரைப் பாத்து வாசிக்கிறார்.

லூர்துசாமி: கடவுளே… அப்போ உங்க போன்ல முசே பேரு என்னன்னு இருக்கு?

ஜெகதீஸ்வரி: ‘கடை’.